ஊசியா, கொக்கியா, மெஷினா: வீட்டாருக்குக் கைவேலைப் பரிசு செய்ய எது தோது?

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒன்பது பேருக்கு நானே செய்த பொருட்களைக் கொடுத்தேன். தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்த வேலை. ஆரம்பத்தில் நிதானமாக இருந்ததால் முதல் மூன்று பேருக்கு இரட்டை ஊசியில் பின்னினேன். கார்த்திகை பாதி போனதும் லேசாக வயிற்றைக் கலக்கியது, அடுத்த மூன்று பேருக்கு, ஒரே கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கு மாறினேன். மார்கழி வந்து வாசலில் கோலம் பெரிதாகத் தொடங்கியதும் பதறிப்போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து மீதி மூன்றையும் தைத்து முடித்தேன்.

ஆடி மாதம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆடியிலேயே அங்கே சாயங்காலக் காற்று சில்லென்று இருக்கும். ஆயா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் இருபது நாள் உட்கார்ந்து பின்னிய மப்ளர் எங்கே ஆயா என்று கேட்டேன். எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைகளுக்கு நடுவில், அந்துருண்டை வாசனையோடு, நான் மடித்துக் கொடுத்த அதே மடிப்பு கலையாமல் இருந்தது. "எத்தினி நாளு கஷ்டப்பட்டுப் பின்னியிருப்பே, கட்டினா அழுக்காயிடுமேன்னு பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். அப்போது அவர் இடுப்பில் செருகியிருந்தது, மப்ளரோடு கொசுறாகக் கொடுத்த சுருக்குப்பை. மிச்சத் துணியில் முக்கால் மணி நேரத்தில் தைத்தது. சுண்ணாம்புக் கறையும் வெற்றிலை வாசனையுமாக, பையின் வாயெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எந்தப் பொருளில் நம் உழைப்பு பளிச்சென்று தெரிகிறதோ அதை நம் வீட்டுப் பெரியவர்கள் பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதனால் இந்த வருஷம் மறுபடி ஊசியைத் தொடுவதற்கு முன்னால் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எது அழகு என்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டேன். முதலில் பார்த்தது, எது பீரோவுக்கு வெளியே இருக்கும் என்பதை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முடிவுகளில் பாதி அதிலிருந்து வந்தவை. வீடு தர்மபுரியில், வேலை கிருஷ்ணகிரியில். 2004-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது வேலை அந்தப் பக்கம் போனது, வீடு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகத் தினமும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் அதுதான் என் கைவேலைக் கூடம். வீட்டுக்கு வந்தபின் சமையல், பையனின் படிப்பு, நாளைக்கு ஊற வைக்க வேண்டிய உளுந்து. ஆகவே பஸ்ஸில் செய்ய முடியுமா என்பது எனக்கு முதல் கேள்வி. உங்களுக்கு அது வேறாக இருக்கலாம். கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு, பாதியில் கீழே வைத்தால் கெட்டுப்போகாமல் இருக்குமா என்பது முதல் கேள்வியாக இருக்கும்.

இரட்டை ஊசி

பின்னல் துணிக்கு ஈடு கிடையாது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும், கழுத்தில் சுற்றினால் ஒட்டிக்கொண்டு விழும். காலுறை, குல்லா, மப்ளர் என்று உடம்போடு ஒட்ட வேண்டிய எதற்கும் இதுதான் பொருத்தம்.

ஆனால் நேரத்தை விழுங்கிவிடும். ஆயாவின் மப்ளருக்கு வரிசைக்கு 40 கண்ணி, அதாவது ஊசியில் 40 நூல் வளையம், போட்டேன். அங்குலத்துக்கு 7 வரிசை, நீளம் 60 அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: 420 வரிசை, 16,800 கண்ணி. நிமிடத்துக்கு 15 கண்ணி என்று என் வேகத்தில் போட்டால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பழகிய கை இன்னும் வேகமாகப் போகும், நான் சுமார்தான்.

பஸ்ஸுக்கு இது ஆகவே ஆகாது. நேர் ஊசிகள் முழங்கை நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மாவின் விலாவில் இரண்டு தடவை இடித்தபின் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அதைவிட மோசம், காவேரிப்பட்டணத்தில் டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் ஊசி வழுக்கி வெளியே வந்து பதினோரு கண்ணி நழுவியது. பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு ஊசியில் தொங்குகின்றன. ஒன்று நழுவினால் அது கீழ் வரிசை, அதற்குக் கீழ் வரிசை என்று ஏணிப்படி மாதிரி பிரிந்துகொண்டே இறங்கும். கொக்கி ஊசியால் ஒவ்வொரு படியாகத் தூக்கி ஏற்ற முடியும்தான், ஆனால் ஆடுகிற பஸ்ஸில் அல்ல. இரண்டு ஊசியையும் ஒரு வயரால் இணைத்த வட்ட ஊசி வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதை நான் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஊசி நம்பர். நம் கடைகளில் பழைய இங்கிலாந்து எண்ணில் கொடுப்பது வழக்கம். 8-ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். எண் கூடக் கூட ஊசி மெலியும். வீடியோவில் சொல்கிறவர் 8 மில்லிமீட்டர் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு கடையில் 8-ஆம் நம்பர் கேட்டால், அவருடைய வலை மாதிரியான பின்னலுக்குப் பதில் உங்களுக்குப் பாய் கிடைக்கும்.

இன்னொன்று சாய லாட். உல்லன் உருண்டையைச் சுற்றியிருக்கும் பட்டியில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சடித்திருப்பார்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் வேறு லாட் என்றால் வேறு தொட்டியில் சாயம் ஏறியது. அண்ணன் மப்ளருக்கு நாலு உருண்டை கேட்டேன், கடையில் மூன்றை ஒரு பெட்டியிலிருந்தும் ஒன்றை வேறு பெட்டியிலிருந்தும் எடுத்துப் போட்டார்கள். டியூப்லைட்டில் எல்லாம் ஒரே கருநீலம். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கடைசிக் கால் பாகம் சாயம்போன மாதிரி நின்றது. தேவைக்கு ஒரு உருண்டை அதிகமாகவே, ஒரே லாட்டில், வாசலுக்கு எடுத்துவந்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வெளுத்த மப்ளர்தான் உழைக்கிறது. அண்ணனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் பைக்கில் வருகிறவர். ஹெல்மெட்டுக்குக் கீழே தினமும் அதைத்தான் சுற்றிக்கொள்கிறார். பழுது இருப்பதால் பத்திரப்படுத்தத் தோன்றவில்லை போல. குளிர் இருக்கிற ஊர், குளிரில் போகிற வேலை, முதல் நாளே அழுக்காக்கிவிடுகிற மனசு, மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் இரட்டை ஊசியை எடுக்கலாம். அப்பாவுக்குப் பின்னிய குல்லா தர்மபுரியில் மார்கழி, தை இரண்டு மாதம் காலை நடைக்கு ஓடியது. அப்புறம் அலமாரிக்குப் போனது, அதில் தப்பில்லை. மாசி முடிந்தால் எங்கள் ஊரில் யார் குல்லா போடுவார்கள்?

துவைப்பதையும் யோசிக்க வேண்டும். அசல் கம்பளி நூலை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கிவிடும், திரும்ப நீளாது. அக்ரிலிக் உல்லன் சுருங்காது, ஆனால் ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் எடை தாங்காமல் முழ நீளம் கூடும். தட்டையாகப் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். துவைக்கிற கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டுக்குப் பின்னல் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும்போதே இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பீரோவுக்குப் போய்விடுகிறது. இதுதான் இதிலுள்ள சிக்கல்.

கொக்கி ஊசி

குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். காரிமங்கலத்தில் தெரிந்தவர் யாராவது ஏறி, பேச ஆரம்பித்துவிட்டால், அந்தக் கண்ணியைப் பெரிதாக இழுத்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். உருவிக்கொண்டாலும் நாலைந்து கண்ணியோடு போகும். ஊசி ஒரு சாண்கூட வராது, யாரையும் குத்தாது. விலையும் அப்படித்தான், ஹோட்டலில் ஒரு சாப்பாட்டைத் தியாகம் செய்தால் ஒரு நல்ல ஊசி வாங்கிவிடலாம். பஸ் என்ற அளவுகோலில் குரோஷாவுக்கு நூற்றுக்கு நூறு.

துணி பின்னலைவிடத் தடிப்பாகவும் விறைப்பாகவும் வரும், நூலையும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் கழுத்தில் குழைய வேண்டிய மப்ளருக்கு அவ்வளவு தோதில்லை. வடிவத்தோடு நிற்க வேண்டிய பொருளுக்கு இதுதான் சரி: குல்லா, கைப்பை, மொபைல் உறை, தலைப்பட்டை, சாவிக்கொத்தில் மாட்டும் பூ. வண்ணங்களை இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பது பெரிய வசதி. மிச்சம் மீதி நூலெல்லாம் சதுரம் சதுரமாக மாறிவிடும்.

அந்த வண்ணத்துக்குக் கொடுக்கிற விலையை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு நிறம் மாறும்போதும் இரண்டு நுனி மிஞ்சும். அண்ணியின் பைக்கு 12 சதுரம், சதுரத்துக்கு 3 நிறம், ஆக 72 நுனி. ஒவ்வொன்றையும் மொட்டை ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைக்க வேண்டும். சோம்பல்பட்டு முடிச்சுப் போட்டு வெட்டினால் இரண்டாவது துவைப்பில் முடிச்சு வெளியே எட்டிப் பார்க்கும். சதுரங்களை முடித்த சந்தோஷம் முழுவதும் இந்த நுனிகளில் போய்விட்டது. இப்போதெல்லாம் புது நிறம் சேர்க்கும்போதே பழைய நுனியை அதன்மேல் படுக்கவைத்துக் கூடவே பின்னிக்கொண்டு போகிறேன்.

அந்தப் பையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. தோள்பட்டையையும் குரோஷாவிலேயே போட்டேன். மொபைலும் சில்லறையும் போட்டு மாட்டியதும் இழுபட்டு இழுபட்டு, இடுப்பில் இருக்க வேண்டிய பை ஒரே மாதத்தில் முழங்காலைத் தொட்டது. பட்டைக்கு நெய்த நாடா வைத்து, உள்ளே லைனிங் துணி கொடுத்துத் தைத்த பின்புதான் பை பையாக நின்றது. அதாவது நல்ல குரோஷா பைக்குத் தையலும் தெரிய வேண்டும். சுருக்கங்களை எடுக்கலாம் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தது தனிக் கதை. அக்ரிலிக் நூல் சூட்டில் இளகி, புடைப்பெல்லாம் போய்ச் சப்பையாகிவிட்டது, மீட்க வழியில்லை.

கற்றுக்கொள்ளும்போது பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதையே பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அதைவிட உயரமான கண்ணி. நான் கற்றது அமெரிக்க வீடியோக்களில். தங்கை குழந்தைக்குக் குல்லா போட எடுத்ததோ பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகம். அவர்கள் சொன்ன டபுளை என் டபுளாகப் போட்டுக்கொண்டே போனேன். குல்லா கிறிஸ்துமஸ் தாத்தாவுடையது போல நீண்டு நின்றது. தங்கை சிரித்துவிட்டு இரண்டாக மடித்துப் போட்டாள், குழந்தைக்குக் காதுக்கு இரட்டைக் கதகதப்பு. ஆனால் உச்சியில் நான் ஆசையாக வைத்த நூல் குஞ்சத்தை வெட்டச் சொல்லிவிட்டேன். கைக்கு எட்டுவதை எல்லாம் வாயில் வைக்கிற வயதில் குஞ்சமும் பட்டனும் மணியும் வேண்டாம். இது எந்த முறையில் செய்தாலும் பொருந்தும்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அக்ரிலிக் உல்லன் சரி. தர்மபுரியிலும் அதற்குக் கீழேயும் இருக்கிறவர்களுக்குப் பருத்தி நூல்தான். சித்திரை வெயிலில் தலையில் அக்ரிலிக் பட்டை கட்டிப் பார்த்தால் அரிப்பு என்றால் என்ன என்று தெரியும். பட்டியில்லாமல் சில்லறையாக வாங்கிய நூல் எது என்று தெரியவில்லையா? துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பாத்திரம் பிடிக்கிற துணியை அக்ரிலிக்கில் செய்யக் கூடாது என்பதற்கு அந்த மணியே போதுமான காரணம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் மெஷின் பின்னிவிடும், அசல் குரோஷாவுக்கு மெஷின் கிடையாது. கடையில் தொங்கும் குரோஷா பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது யாரோ ஒருத்தி கையால் போட்டது. ஒரு பை போட எத்தனை சாயங்காலம் ஆகும் என்று தெரிந்தபின் அந்த விலைச்சீட்டைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

மெஷின்

எங்கள் வீட்டில் இருப்பது அம்மா விட்டுப்போன கால் மெஷின். கறுப்பு உடம்பு, பொன் எழுத்து பாதி அழிந்தது, பெல்ட் மட்டும் நான் மாற்றியது. இதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு மேசை விளக்கு, விரித்துவைக்க இடம், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், மூன்றும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மிதித்தால் கீழ்வீட்டுக்காரர் மறுநாள் காலையில் "ராவெல்லாம் வேலையா?" என்று அன்பாகவே விசாரிப்பார்.

ஆனால் வேகத்தில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. சென்னையில் இருக்கும் சித்தி மகளுக்கு ஸ்க்ரஞ்சி, அதாவது கூந்தலில் போடும் துணி சுற்றிய இலாஸ்டிக் வளையம், தைத்தேன். 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத் துணி, உள்ளே 7 அங்குல இலாஸ்டிக். ஒன்றுக்கு இருபது நிமிடம். ஒரே சாயங்காலத்தில் ஆறு நிறத்தில் ஆறு. அவள் ஆபீஸுக்குத் தினம் ஒன்று போட்டுப் போகிறாள். ஒன்று தொலைந்தால் கவலைப்படவும் மாட்டாள், அதுவும் நல்லதுதான்.

துணிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பீரோவைத் திறங்கள். தாம்பூலப் பையில் வந்த ரவிக்கைத் துணிகள் எத்தனை இருக்கின்றன? ஒரு வளைகாப்பில் வாங்கியதை அடுத்த கிரகப்பிரவேசத்தில் கொடுத்து, அது நாலு வீடு சுற்றி நமக்கே திரும்பி வந்துவிடும். யாரும் தைத்துப் போடுவதில்லை. அந்தச் சுற்றை நிறுத்த ஒரே வழி, கத்தரிக்கோலை வைத்துவிடுவதுதான். ஒரு துணியில் இரண்டு சுருக்குப்பையும் ஒரு ஸ்க்ரஞ்சியும் வரும். புதுத் துணிதான் வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் பக்கம்தான். ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன ஊர், குட்டி சூரத் என்பார்கள். ஒரு தடவை போனால் இரண்டு வருஷத்துக்கான துணியோடு திரும்புவீர்கள், அதனால் கையில் அளவாகப் பணம் எடுத்துப் போவது நல்லது.

சுருக்குப்பை எப்படி என்று பலர் கேட்டதால் சொல்கிறேன். வெளித்துணி 8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு, அதே அளவில் லைனிங் இரண்டு. வெளித்துணியின் நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்து, இரண்டு பக்கமும் அடியும் தைக்க வேண்டும். மேலிருந்து 2 அங்குலம் இறங்கியதும் இரு பக்கத்திலும் அரை அங்குலம் தைக்காமல் விடுங்கள், கயிறு நுழைய. லைனிங்கையும் இப்படியே தைத்து, அடியில் 3 அங்குலம் திறந்து விடுங்கள். ஒன்றை ஒன்றுக்குள், நல்ல பக்கங்கள் முகம் பார்க்கும்படி நுழைத்து, வாய் முழுதும் சுற்றித் தைத்து, லைனிங்கின் அடித் திறப்பு வழியாக எல்லாவற்றையும் வெளியே புரட்டி எடுக்க வேண்டும். இந்த இடம் எனக்கு இன்னும் பிடிக்கும், கசங்கிய துணி மூட்டையிலிருந்து ஒரு பை பிறந்து வரும். திறப்பை மூடி, கயிற்று ஓட்டைக்கு மேலும் கீழும் சுற்றி இரண்டு தையல் போட்டால் கயிறு ஓடும் குழாய் தயார். இரண்டு கயிறு, ஒன்று வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கமே வர வேண்டும், இன்னொன்று இடப்பக்கம். இரண்டையும் இழுத்தால் வாய் கப்பென்று மூடும்.

இதிலும் கோட்டை விட்டிருக்கிறேன். மாமியார் பூஜைச் சாமான் வைத்துக்கொள்ள ஒரு பை கேட்டிருந்தார். பழைய பட்டுச் சேலையின் சந்தன நிற முந்தியை வெளியேயும், சிவப்புப் பருத்தியை உள்ளேயும் கொடுத்தேன். சிவப்புத் துணியை முதலில் நனைத்துப் பார்க்கவில்லை. ஈரக் கையோடு விபூதி எடுத்ததில் உள்ளிருந்து சாயம் கசிந்து சந்தன நிறத்தில் பெரிய ரோஜாத் திட்டு. அத்தை ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இப்போது எந்தப் பருத்தியையும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டுகிறேன். சாயமும் தெரிந்துவிடும், சுருங்க வேண்டியதும் முன்பே சுருங்கிவிடும். பட்டுக்கு 11-ஆம் நம்பர் மெஷின் ஊசி போதும், ஜீன்ஸ் மாதிரித் தடித்த துணிக்கு 16. இங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும், பின்னலூசிக்கு நேர் எதிர். யார் வைத்த கணக்கோ! எங்கள் ஊரில் பட்டுக்கூடு ஏலம் போகிற அங்காடி இருக்கிறது. பஸ்ஸில் கூட்டு விலைப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. அப்படியிருந்தும் பட்டை வெட்டக் கை நடுங்குகிறது. மடிப்பில் இற்றுப்போன சேலை என்றால் மடிப்பை ஒதுக்கி நடுவில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் தையல் போட்ட இடத்திலேயே கிழியும்.

கையால் செய்தது, ஆனால் என் கையால் அல்ல

நாத்தனார் பர்ஸில் கண்ணாடி பதித்து எம்பிராய்டரி போடலாம் என்று ஆசைப்பட்டு, மூன்று நாள் போராடி நாலே நாலு கண்ணாடி பதித்தேன். அதில் ஒன்று விழுந்துவிட்டது. வேலை தெரிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அரூர் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி. டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் மருத்துவப் பணி தொடங்கிய பள்ளத்தாக்கு. அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பாரம்பரிய எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. பழைய உடைகளைப் பார்த்தும், நினைவு வைத்திருந்த மூத்த பெண்களிடம் கேட்டும், திரும்பவும் கற்றுக்கொண்டு போர்கை என்ற பெயரில் செய்து விற்கிறார்கள். அவர்கள் மொழியில் போர்கை என்றால் பெருமை.

நானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அங்கே வாங்கிக் கொடுப்பது என் நாலு கண்ணாடியைவிட எவ்வளவோ மேல். விலை கூடுதலாகத் தெரிந்தால், ஒரு சாண் துணியில் அந்தத் தையலைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேரம் பேச வாய் வராது.

இந்த வருஷக் கணக்கு

நாள் கணக்கில் சொன்னால், ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் மெஷின். மெஷின் இல்லாதவர்கள் சுருக்குப்பையைக் கையாலேயே தைக்கலாம், இரண்டு சாயங்காலம் ஆகும். ஒரு மாதம் இருக்கிறது, பயண நேரமும் இருக்கிறது என்றால் குரோஷா. மூன்று மாதம் இருந்தால் இரட்டை ஊசி, அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு. இரண்டு பேருக்கு என்று இறங்கினால் இரண்டாவது ஆளின் பொருளில் சலிப்பு தெரியும். அண்ணன் மப்ளரின் கடைசி ஒரு சாணைப் பார்த்தால் புரியும், வேறு லாட் என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

புதிதாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர் எதில் தொடங்குவது? நிறையப் பேர் மப்ளரில் தொடங்கச் சொல்வார்கள், நேர்கோடு, சுலபம் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுலபம்தான், ஆனால் லேசில் முடிவுக்கு வராது. பாதி மப்ளரோடு கைவேலையையே விட்டவர்களை நாலு பேரையாவது பார்த்திருக்கிறேன். குரோஷாவில் ஒரு தலைப்பட்டை போடுங்கள். இரண்டு நாளில் முடியும், யாராவது ஒருத்தர் தலையில் ஏறும், மேலே செய்யத் தோன்றும்.

என் பட்டியல் இப்போதைக்கு இப்படி இருக்கிறது. அண்ணி, தங்கை, அண்ணன் மகள் மூவருக்கும் பருத்தி நூலில் குரோஷா, ஆளுக்கு இரண்டே நிறம், நுனிகளை எண்ணிவிட்டுத்தான் முடிவு செய்தேன். சித்தி மகளுக்கு மறுபடி ஸ்க்ரஞ்சி. நாத்தனாருக்கு சிட்லிங்கிப் பை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மூக்குக்கண்ணாடி உறை, பழைய ஜீன்ஸ் துணியில். மாமியாருக்கு அதே பூஜைப் பை, இந்தத் தடவை நனைத்துக் காயவைத்த துணியில்.

இரட்டை ஊசி ஆயாவுக்கு மட்டும். மப்ளர் இல்லை, காதை மூடுகிற அகலப் பட்டை, ஆறு மணி நேர வேலை. சாம்பல் நிறம், அழுக்குத் தெரியாது. கொடுக்கும்போது மிச்ச நூலில் சும்மா போட்டது என்று சொல்லப் போகிறேன்.

போன வாரம் ஆயா போன் செய்தார். பரிசைப் பற்றி ஒன்றும் இல்லை, சுருக்குப்பையின் கயிறு அறுந்துவிட்டதாம், ஊக்கு குத்தி வைத்திருக்கிறாராம். புதுசாகவே ஒன்று தைத்துத் தருகிறேன் ஆயா என்றேன். "புதுசு எதுக்கு? இதுக்கே ஒரு கயிறு போட்டுக் குடு, கை பழகிடுச்சி" என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் சிவப்புப் பருத்தி நூலை இரட்டையாக எடுத்துக் கொக்கியால் சங்கிலி போட ஆரம்பித்தேன். ஒரு கயிறு காரிமங்கலத்தில் முடிந்தது, இன்னொன்று காவேரிப்பட்டணத்து ஆற்றுப் பாலம் வருவதற்குள். சாயம் போகிறதா என்று தண்ணீர் பாட்டிலில் நனைத்துக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.